சத்தம் கேட்டது, பேச்சு விளங்கவில்லை

 

இன்று ஒலியைப் பற்றிப் பேசப் போகிறேன். சத்தம் எப்படிப் பெரிதாகிறது, எப்படி முழங்குகிறது, எப்படிக் கலங்குகிறது என்பதுதான் பாடம். மதரஸாவில் படித்த எனக்கு இந்தப் பாடத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பெரியவர் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம்தான் என்னை இதைத் தேடிப் படிக்க வைத்தது.

எங்கள் பழைய பள்ளிவாசல் ஓட்டுக்கூரையும் மரத்தூண்களும் கோரைப்பாயும் கொண்டது. சில வருடங்களுக்கு முன் அதை இடித்துப் புதிதாகக் கட்டினோம். கான்கிரீட் தளம், பளிங்குத் தரை, சுவரில் பாதி உயரத்துக்கு கிரானைட், பெரிய கண்ணாடி ஜன்னல்கள், நடுவில் குப்பா. பார்க்கிறவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். கிராஅத் ஓதினால் குரல் தேனாக நீண்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் பயான் விளங்கவில்லை என்று பின் ஸஃப்பிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. "ஆம்ப்ளிஃபயர் சிறியது, பெரியதாக வாங்குங்கள்" என்று கமிட்டியை நச்சரித்தது நான்தான். வாங்கினார்கள். ஸ்பீக்கர்களையும் கூட்டினார்கள். சத்தம் சுவரையே அதிர வைத்தது.

ஒருநாள் சுப்ஹுக்குப் பிறகு நானே மைக்கில் ஒரு மய்யித் அறிவிப்புச் செய்தேன். பெயர், தெரு, நல்லடக்க நேரம் எல்லாம் சொன்னேன். மறுநாள் அந்தப் பெரியவர் என்னிடம் வந்தார். பின் ஸஃப்பில் கதவோரம் உட்காருகிறவர். கண் கலங்கியிருந்தது.

"ஹஜ்ரத், நேத்து நான் ஜமாஅத்லதான் இருந்தேன். சத்தம் நல்லாக் கேட்டுச்சு. பேச்சுதான் விளங்கல. யாரோ மவுத்துன்னு தெரிஞ்சுது, பேரு தெரியல. அம்பது வருசக் கூட்டாளி ஹஜ்ரத். ஜனாஸாவுக்கு வராமப் போயிட்டேன்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மனதார மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது: சத்தம் வேறு, தெளிவு வேறு. ஒன்றைக் கூட்டினால் மற்றது தானாகக் கூடிவிடாது.

1. ஒலி எப்படிப் போகிறது?

நாம் பேசும்போது தொண்டையிலுள்ள குரல்நாண்கள் அதிர்கின்றன. அந்த அதிர்வு காற்றை நெருக்குகிறது, தளர்த்துகிறது. அந்த நெருக்கமும் தளர்வும் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் பரவுகிறது. வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்கிறார்கள். வளர்ந்த ஆணின் குரல் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் அடித்தளத்தில் நிற்கும். பெண்ணின் குரல் 200 ஹெர்ட்ஸை ஒட்டியிருக்கும்.

பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இஃக்வானுஸ் ஸஃபா என்ற அறிஞர் குழு இதைப் பற்றி எழுதியிருக்கிறது. கண்ணாடி ஊதுகிறவரின் குழலில் குமிழ் விரிவதைப் போல, ஒலி காற்றில் உருண்டையாக விரிகிறது, விரிய விரிய வலுவிழக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இன்றைய கணக்கும் அதுதான். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும்.

2. வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகுமா?

ஆகாது. இங்கேதான் நான் ஏமாந்தேன்.

ஒலியின் அளவை டெசிபலில் சொல்கிறோம். இது கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி 10 மடங்கு கூடியதாக அர்த்தம். 20 டெசிபல் கூடினால் 100 மடங்கு. ஆனால் நம் காதுக்கு 10 டெசிபல் கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தோன்றும்.

இதன்படி 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை எடுத்துவிட்டு 200 வாட்ஸ் வைத்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு ஏதோ கொஞ்சம் கூடியதுபோல் இருக்கும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமானால் 1000 வாட்ஸ் வேண்டும். காசு எங்கே போகிறது என்று பாருங்கள்.

கிசுகிசுப்பது சுமார் 30 டெசிபல். ஒரு மீட்டர் தூரத்தில் இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தொழிற்கூடங்களுக்கான பாதுகாப்புப் பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி நேரம். 100 என்றால் கால் மணி நேரம்தான். ஸ்பீக்கருக்கு நேர் கீழே மக்தப் பிள்ளைகளை உட்கார வைக்கிறோமே, அந்தக் காதுகளும் அமானத்தல்லவா?

3. ஒத்ததிர்வு: சிறு தள்ளல், பெரிய ஆட்டம்

ஊஞ்சலில் பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளுகிறீர்கள். ஊஞ்சல் திரும்பி வரும் அந்த நொடியில் விரலால் தள்ளினாலே ஆட்டம் கூடிக்கொண்டே போகும். நேரம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் ஆட்டம் கெடும். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஒரு இயல்பான அதிர்வு உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அதோடு ஒத்துப்போனால் பெரிதாக எழும்பும். இதற்குத்தான் ஒத்ததிர்வு என்று பெயர்.

இதை நீங்கள் தினமும் கேட்கிறீர்கள். குழாயடியில் குடம் நிரம்பும்போது சத்தம் மெல்ல மெல்ல உச்சத்துக்கு ஏறுவதைக் கவனித்ததுண்டா? உள்ளே காற்றுக்கான இடம் குறையக் குறைய அதன் இயல்பான அதிர்வு கூடுகிறது. குடம் நிறையப் போகிறது என்பதை அடுப்படியில் இருக்கும் நம் தாய்மார்கள் காதாலேயே அறிந்துகொள்வார்கள்.

குளியலறையில் பேசினால் குரல் கனமாக ஒலிப்பதும் இதனால்தான். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 115 ஹெர்ட்ஸ் ஒலி ஒத்ததிரும். அது ஆண்குரலின் அடித்தளம் அல்லவா? அறை அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு முழங்குகிறது.

இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் நம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. தஜ்வீத் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா மூன்றையும் ஒரே சுரத்தில் சொல்லிப் பாருங்கள். தொண்டையில் பிறக்கும் அதிர்வு ஒன்றுதான். வாயும் நாவும் உதடும் வடிவம் மாறும்போது உள்ளிருக்கும் காற்றின் ஒத்ததிர்வு மாறுகிறது. அதனால்தான் ஒன்று 'அ' என்றும் ஒன்று 'இ' என்றும் ஒன்று 'உ' என்றும் கேட்கிறது. குன்னாவில் மூக்கின் உள்ளறையும் சேர்ந்து ஒலிக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குன்னா செய்ய முடியாது என்று உஸ்தாத் செய்து காட்டுவாரே, அது ஒத்ததிர்வுப் பாடம்தான். கி.பி. 1037இல் வஃபாத்தான இப்னு ஸீனா, எழுத்துகளின் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதற்காகவே தனியாக ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். மருத்துவரான அவர் அதில் தொண்டையின் அமைப்பையும் விளக்குகிறார்.

4. சுவர் திருப்பித் தரும் சத்தம்

இப்போது எங்கள் பள்ளிவாசலுக்கு வருவோம். அங்கே நோய் என்ன?

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரை மண்டபத்தில் பேச்சு எதுவுமே விளங்கவில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பை வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். ஒரு சொல்லைச் சொன்னால் ஐந்து வினாடிகளுக்கு மேல் அது மண்டபத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து போட்டுப் போட்டு அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. அதிலிருந்து ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். மண்டபத்தின் கொள்ளளவு கூடினால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் முழக்கம் குறையும். சத்தம் நின்ற பிறகும் அறைக்குள் சுற்றும் இந்த முழக்கத்தை எதிர்முழக்கம் என்கிறோம். சத்தம் 60 டெசிபல் இறங்க ஆகும் நேரமே அதன் அளவு.

20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் கொண்ட ஒரு தொழுகைக் கூடத்துக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்லும் கண்ணாடியும் மட்டும் இருந்தால் எதிர்முழக்கம் சுமார் 6 வினாடி. தரை முழுக்கக் கனமான கார்ப்பெட் விரித்தால் 3 வினாடிக்குக் கீழே வரும். அதோடு ஒரு பக்கச் சுவருக்குத் தடித்த திரை போட்டால் ஏறக்குறைய 2 வினாடி. இருநூறு பேர் வந்து உட்கார்ந்துவிட்டால் ஒன்றேகால், ஒன்றரை வினாடிதான். ஆம், மனித உடலும் உடுப்பும் ஒலியை நன்றாக உறிஞ்சும். ஜும்ஆவில் ஓரளவு விளங்கும் பேச்சு, இருபது பேர் மட்டும் இருக்கும் சுப்ஹில் விளங்காமல் போவது இதனால்தான். அந்தப் பெரியவர் பெயரைத் தவறவிட்டதும் சுப்ஹில்தான்.

5. எழுத்து எங்கே தொலைகிறது?

நாம் பேசும்போது ஒரு வினாடியில் நான்கு ஐந்து அசைகளைச் சொல்கிறோம். முழக்கம் நான்கு வினாடி நின்றால், நான் சொல்லும் ஒவ்வொரு அசையின் மீதும் முந்தைய பத்துப் பதினைந்து அசைகளின் மிச்சம் வந்து விழுகிறது. மக்தபில் பலகையை அழிக்காமல் பழைய பாடத்தின் மேலேயே புதிய பாடத்தை எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

சரி, ஆம்ப்ளிஃபயரைக் கூட்டினால்? புதிய அசையும் பெரிதாகும், பழைய அசையின் மிச்சமும் அதே அளவு பெரிதாகும். அழிக்காத பலகையில் மையை இன்னும் கெட்டியாக்கி எழுதினால் படிக்க முடிந்துவிடுமா? நாங்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்தது இதைத்தான். வெளி இரைச்சலை வெல்ல சத்தம் உதவும். சொந்த முழக்கத்தை வெல்ல ஒருபோதும் உதவாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உயிரொலிகளில் சக்தி அதிகம், அவை நீண்டு நிற்கும். மெய்யொலிகளில் சக்தி குறைவு, அவை சட்டென்று வந்து போகும். ஆனால் பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மெய்யொலிகள்தான். அரபியில் 'கல்ப்' என்ற சொல்லின் முதல் எழுத்தை நாவின் அடியிலிருந்து சொன்னால் இதயம். சற்று முன்னால் கொண்டுவந்து சொன்னால் நாய். அந்த நூலிழை வித்தியாசம் கண்ணாடிச் சுவர்களில் நான்கு முறை மோதித் திரும்பிய பிறகு என்னவாகும்? 'அ' என்ற முழக்கம் மட்டும் மிஞ்சும்.

வயதாகும்போது முதலில் மங்குவது உயர் அதிர்வொலிகளைக் கேட்கும் திறன். ஸீன், ஸாத் போன்ற எழுத்துகளின் சீறல் அங்கேதான் இருக்கிறது. ஆகவே பெரியவர்களுக்குச் சத்தம் கேட்கும், எழுத்து கேட்காது. "காது மந்தம், கத்திச் சொல்" என்று நாம் நினைக்கிறோம். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், மெய்யொலி அதற்கடியில் இன்னும் புதைந்துபோகும்.

கிராஅத் இனிமையாக இருந்ததே, அது ஏன்? நிறுத்தி நீட்டி ஓதும்போது முழக்கம் குரலுக்குத் துணையாக நிற்கிறது. வேகமாகப் பேசும்போது அதே முழக்கம் எதிரியாகிறது. கிராஅத் அழகாக இருந்ததால்தான் கூடத்தின் குறை எங்களுக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

6. குப்பாவுக்குள் வெற்றுக் குடங்கள்

முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். மைக் இல்லாத காலத்தில் பெரிய பள்ளிகளில் முபல்லிஃக் நின்று இமாமின் தக்பீரை எடுத்துச் சொல்வார். ஒரு குரலைப் பெரிதாக்காமல் இன்னொரு குரலைப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

1557இல் இஸ்தான்புல்லில் கட்டி முடிக்கப்பட்ட சுலைமானிய்யா பள்ளிவாசலைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் மிமார் ஸினான், அந்தப் பெரிய குப்பாவுக்குள் மண்குடங்களை வாய் மட்டும் தெரியும்படி பதித்து வைத்தார். வெறும் குடத்தின் வாயில் ஊதினால் ஒரே ஒரு கனத்த சுரம் வரும். கழுத்திலுள்ள காற்று கனம்போலவும் வயிற்றிலுள்ள காற்று ஸ்பிரிங் போலவும் சேர்ந்து ஆடுவதால் வரும் ஒத்ததிர்வு அது. அந்தச் சுரம் கூடத்தில் எழும்பும்போது குடம் அதை வாங்கி ஆடி, சக்தியைத் தன்னுள் கொஞ்சம் கரைத்து, மீதியைச் சிதறவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்தக் கணக்கை விரிவாக எழுதினார். அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே குடங்கள் குப்பாவில் ஏறிவிட்டன.

நாமோ குப்பாவின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம், உள்ளே செய்த வேலையை விட்டுவிட்டோம்.

7. நாங்கள் என்ன செய்தோம்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. உங்கள் பள்ளியிலும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, தரை முழுக்கக் கனமான கார்ப்பெட் விரித்தோம். கண்ணாடி ஜன்னல்களுக்கு மடிப்பு வைத்த தடித்த திரை போட்டோம்.

இரண்டாவது, மேலே இருந்த பெரிய ஸ்பீக்கர்களை நிறுத்திவிட்டு, தூண்களில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே சிறிய ஸ்பீக்கர்களைக் குறைந்த சத்தத்தில் வைத்தோம். முகம் மக்களைப் பார்த்திருக்க வேண்டும், குப்பாவைப் பார்த்திருக்கக் கூடாது. கேட்பவருக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் நேர் ஒலி வலுவாகவும் முழக்கம் மெலிவாகவும் போய்ச் சேரும்.

மூன்றாவது, மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவந்தோம். தூரம் பாதியானால் மைக்குக்குக் கிடைக்கும் குரல் 6 டெசிபல் கூடும், சும்மா கிடைக்கும் லாபம். அந்தக் 'கீச்' சத்தமும் நின்றது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியை மைக் மறுபடி பிடித்து, ஆம்ப்ளிஃபயர் மறுபடி பெரிதாக்கி, சுற்றிச் சுற்றி வளர்வதுதான் அந்தக் கீச்சொலி. ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் தள்ளி வைத்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் அது அடங்கிவிடும்.

நான்காவது எனக்கானது. மெதுவாகப் பேசப் பழகினேன். நபி (ஸல்) அவர்கள் பேசினால் வார்த்தைகளை எண்ணிவிடலாம் என்று ஆயிஷா (ரலி) அவர்களும், விளங்க வேண்டும் என்பதற்காக மூன்று முறை திருப்பிச் சொல்வார்கள் என்று அனஸ் (ரலி) அவர்களும் அறிவிக்கும் ஹதீஸ்களை எத்தனையோ முறை பயானில் சொல்லியிருக்கிறேன். சொன்ன நானே மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது மய்யித் அறிவிப்பில் பெயரைச் சொல்லி நிறுத்துகிறேன். முழக்கம் அடங்கியதும் இரண்டாம் முறை சொல்கிறேன், மூன்றாம் முறையும் சொல்கிறேன். பிறகு கதவோரம் பார்க்கிறேன். பெரியவர் தலையசைத்த பிறகுதான் மைக்கை அணைக்கிறேன்.

8. பள்ளிக்கு வெளியே போகும் சத்தம்

உள்ளே விளங்காத சத்தம் வெளியே மட்டும் என்ன செய்யும்? குழாய் ஸ்பீக்கரைக் கூட்டினால், ஜன்னலோரத்தில் தூங்கும் கைக்குழந்தைக்கும் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும்தான் அது முதலில் போய்ச் சேரும்.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும்தான் அளவு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில், சுற்றுப்புறத்துக்கான அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலம் என்றும் அறிவிக்கலாம். இது நமக்கு மட்டுமான சட்டம் அல்ல, எல்லாருக்குமான சட்டம். சட்டம் ஒருபுறமிருக்க, அண்டை வீட்டாரின் ஹக் நம் கழுத்தில் இருக்கிறது.

தொழுகையில் குரலை மிகவும் உயர்த்தாமலும் மிகவும் தாழ்த்தாமலும் நடுவழியில் நிற்கும்படி குர்ஆனின் பதினேழாம் அத்தியாயம் வழிகாட்டுகிறது. அறிவியலை நான் குர்ஆனில் தேடவில்லை. அதன் அதபை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சகோதரர்களே! இந்த வாரம் உங்கள் பள்ளியில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கூடம் காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். முழக்கம் எத்தனை வினாடி நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். பிறகு கடைசி ஸஃப்பில் இருக்கும் வயதானவரிடம் போய், "கேட்டுச்சா?" என்று கேட்காதீர்கள். "என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் உங்கள் மைக் செட்டுக்குச் சரியான அளவுகோல்.

அந்தப் பெரியவரின் கூட்டாளிக்கு அல்லாஹ் மஃக்ஃபிரத்தை வழங்குவானாக! என் கவனக்குறைவை மன்னிப்பானாக! நம் நாவுகளுக்குத் தெளிவையும், நம் செவிகளுக்கு ஆஃபியத்தையும், நம் பள்ளிகளால் அண்டையாருக்கு நிம்மதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.